சின்னமனூருக்கு ஒரு மருத்துவச்சி

"எங்க அப்பத்தா ஒம்பது பிள்ளை பெத்தா. ஒண்ணுக்குக்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல!"

கம்பம் பள்ளத்தாக்கில் மாசமாக இருக்கும் பெண்ணுள்ள எந்த வீட்டிலும் இந்த வசனம் ஒரு முறையாவது காதில் விழும். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒன்பது பெற்றுப் பிழைத்த அப்பத்தாதான் பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்ல மிஞ்சினார். மூன்றாவது பிரசவத்திலேயே கண்ணை மூடியவருக்காகக் கதை சொல்ல யாரும் இல்லை. அவர் இடத்துக்கு இளையதாரமாக ஒருத்தி வந்திருப்பார். பிள்ளைகள் சித்தியிடம் வளர்ந்திருப்பார்கள். பழைய குடும்பங்களில் இத்தனை சித்திகள் எங்கிருந்து வந்தார்கள் என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதி விடை சாலையோரத்தில் இருக்கிறது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போனவள், வழிப்போக்கரின் தலைச்சுமையை இறக்கி வைக்க உதவட்டும் என்ற எண்ணம். பிரசவம் என்றால் 'செத்துப் பிழைப்பது' என்று நம் பாட்டிகள் சொன்னது அலங்காரத்துக்காக இல்லை.

ஆக, 'வீட்டில் பெற்றால் என்ன?' என்ற கேள்விக்கு வரலாறு பதில் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 'ஆஸ்பத்திரியில் பெற்றால் மட்டும் போதுமா?' என்பது இன்னொரு கேள்வி. தேனி மாவட்டத்துக்கும் சின்னமனூர் போன்ற ஊர்களுக்கும் இன்று இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

எண்கள் சொல்வது

முதலில் உலகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல். இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை.

அடுத்து நம் கணக்கு. தேசிய குடும்பநல ஆய்வின்படி 1998-99இல் இந்தியாவில் மருத்துவமனைப் பிரசவம் 34 சதவீதம். அப்போதே தமிழ்நாட்டில் அது 79 சதவீதம். 2005-06இல் இந்தியா 39, தமிழ்நாடு 88. 2019-21 ஆய்வில் இந்தியா 88.6, தமிழ்நாடு 99.6! அதாவது ஆயிரம் பிரசவத்தில் நான்குதான் மருத்துவமனைக்கு வெளியே நடக்கிறது.

சாவும் குறைந்திருக்கிறது. லட்சம் பிரசவத்துக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று கணக்கிடுவதுதான் பேறுகால இறப்பு விகிதம். தமிழ்நாட்டில் இது 2001-03இல் 134. 2018-20இல் 54. அதற்குப் பிறகும் இறங்கியிருக்கிறது. இதே 2018-20இல் இந்தியாவின் சராசரி 97.

இது தானாக நடந்துவிடவில்லை. 2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறைவைத்துப் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று உயர்ந்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. சுகாதார நிலையத்திலேயே வளைகாப்பு நடத்தி, வளையல் போட்டு, பிரசவ அறையையும் சுற்றிக் காட்டி அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாய் இறந்தால் 'விதி' என்று விட்டுவிடாமல் ஏன் இறந்தாள், எந்த இடத்தில் தாமதம் என்று விசாரிக்கும் முறையை 1990களிலேயே தொடங்கினார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன ஏற்பாடுகள் இவை.

இரண்டு மணி நேரம்

பிரசவத்தில் ஏன் சாகிறார்கள்? முதல் காரணம் ரத்தப்போக்கு, அதிலும் குழந்தை பிறந்த பிறகு நிற்காமல் போகும் ரத்தம். அடுத்தது ரத்தக் கொதிப்பு ஏறி ஜன்னி காண்பது. பிறகு கிருமித் தொற்று. கடுமையான ரத்தப்போக்குக்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்குக்கூட இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். யாருக்கு இது வரும் என்று ஜோசியரும் சொல்ல முடியாது, ஸ்கேனும் முழுதாகச் சொல்ல முடியாது. 'அவளுக்கு எல்லாம் நார்மல்தான்' என்று இருந்தவளுக்கும் வரும்.

1994இல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

இதைச் சின்னமனூரில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஊருக்கு மேலே மேகமலை. மணலாறு, வெண்ணியாறு, மகாராஜாமெட்டு, இரவங்கலாறு என்று தேயிலை எஸ்டேட் ஊர்கள். பூக்களின் பெயர் வைத்த பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றுலா வருபவர்கள் நின்று படம் எடுப்பார்கள். எஸ்டேட் லயத்தில் வலி கண்ட பெண்ணுக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு தாமதம். மலையிறங்கிச் சின்னமனூர் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அங்கிருந்து 'தேனிக்குக் கொண்டு போங்க' என்றால் கானாவிலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மேலே சொன்ன இரண்டு மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தின் அகமலைப் பக்கத்து மலைக்கிராமங்களில் சரியான சாலை இல்லாமல் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் பல முறை பத்திரிகைகளில் வந்திருக்கின்றன.

அப்படியானால் தாய் எந்த இடத்தில் பிரசவிக்க வேண்டும்? வீட்டுக்கு எட்டும் தூரத்தில், பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருக்க, ரத்தமும் மருந்தும் வண்டியும் தயாராக இருக்கும் இடத்தில். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குத் தாமதமில்லாமல் போக முடியும் இடத்தில்.

2018இல் நடந்தது

இவ்வளவு தெரிந்த மாநிலத்தில்தான் 2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு பெண், வீட்டிலேயே சுகப்பிரசவம் செய்துகொள்ள இணைய வீடியோக்களை நம்பி முயன்று, ரத்தப்போக்கில் இறந்துபோனார். படித்தவர், ஆசிரியை. அடுத்த மாதமே கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி வகுப்பு என்று விளம்பரம் செய்தவர் கைது செய்யப்பட்டார்.

வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்பவர்கள் உடனே நெதர்லாந்தைக் காட்டுவார்கள். 'அங்கே இன்றும் வீட்டில் பெறுகிறார்களே?' உண்மைதான். ஆனால் அங்கே முறையாகப் பல ஆண்டுகள் படித்த மருத்துவச்சி வீட்டுக்கு வருகிறார். சிக்கல் வர வாய்ப்புள்ள பெண்களை முன்கூட்டியே பிரித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார். பிரச்சினை என்றால் ஆம்புலன்ஸ் வந்து பக்கத்து மருத்துவமனையில் சேர்த்துவிடும். அங்கே வீடு என்பது அந்த மருத்துவ ஏற்பாட்டின் ஒரு அறை மாதிரி. வீடியோவும் கணவரும் மட்டும் துணையிருக்கும் வீட்டை அதனோடு ஒப்பிடுவது, உயிர்காப்பாளர் நிற்கும் நீச்சல் குளத்தைக் காட்டி முல்லைப் பெரியாற்று வெள்ளத்தில் குதிக்கச் சொல்வதற்குச் சமம்.

ஆனால் இவர்களை 'முட்டாள்கள்' என்று திட்டிவிட்டு நகர்ந்தால் பாதி உண்மை விடுபட்டுப் போகும். படித்தவர்களே ஏன் மருத்துவமனையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்?

பயம் எங்கிருந்து வருகிறது?

அதே 2019-21 ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் மொத்தம் 34.1 சதவீதமாக இருந்தது. இந்தியச் சராசரி 21.5 சதவீதம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது இது: ஒரு சமூகத்தில் சிசேரியன் 10 சதவீதம் வரை உயரும்போது தாய், சேய் இறப்பு குறைகிறது, அதற்கு மேல் போனால் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை. குமுளி மலை ஏறினால் வருவது கேரளம். அங்கே சிசேரியன் 38.9 சதவீதம். அதுவும் அதிகம்தான், ஆனால் தமிழ்நாட்டைவிடக் குறைவு. 2018-20இல் அங்கே பேறுகால இறப்பு விகிதம் 19, இங்கே 54. கத்தி அதிகம் பட்டால் உயிர் அதிகம் பிழைக்கும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை.

சிசேரியன் வேண்டாத ஒன்று என்பதல்ல வாதம். குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சு வாயை அடைத்துக்கொண்டிருந்தால், அந்த அறுவைச் சிகிச்சைதான் இரண்டு உயிரையும் காக்கும். அது கிடைக்காமல் ஆப்பிரிக்க நாடுகளில் எத்தனையோ பெண்கள் சாகிறார்கள். ஆனால் தேவையில்லாமல் கிழித்த வயிற்றுக்கு விலை உண்டு. முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகவும் வாய்ப்பு உண்டு. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்ணும், திராட்சைத் தோட்டத்தில் கூடை தூக்கும் பெண்ணும் எத்தனை மாதம் பாரம் தூக்காமல் வீட்டில் இருக்க முடியும்? தனியார் மருத்துவமனை என்றால் கழுத்தில் கிடப்பதும் அடகுக் கடைக்குப் போகும்.

இதற்கு மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நல்ல நேரம், நட்சத்திரம் குறித்துக்கொண்டு வந்து 'இத்தனை மணிக்கு எடுத்துடுங்க டாக்டர்' என்று நிற்கும் குடும்பங்களும் இருக்கின்றன. வலியைக் கண்டு பயந்து தாமே கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒவ்வொரு தாயின் சாவையும் விசாரித்த அந்த நல்ல முறையே, சின்ன இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பயத்தையும் கொடுத்துவிடுகிறது. 'நமக்கு ஏன் வம்பு, மேலே அனுப்பிவிடுவோம்' என்று நினைப்பது மனித இயல்பு. அப்படிச் சுகமாகப் பிறக்க வேண்டிய குழந்தையின் தாயும் வண்டியேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே கூட்டம். கூட்டத்தில் யாருக்கும் காத்திருக்கப் பொறுமையில்லை.

மூன்றாவது, அவமரியாதை. பிரசவ வார்டில் வலியில் கத்தும் பெண்ணை நோக்கி வீசப்படும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. பெற்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை என்பதால்தான் 2014இல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கண்டித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. இந்திய அரசும் பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் லக்ஷ்யா என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பெண் அந்த அறையில் பட்ட அவமானத்தைத் தன் தங்கையிடம் சொல்வார். தங்கை அதற்குப் பிறகு ஏதாவது வீடியோவைப் பார்த்து நம்பினால் அந்தக் குற்றம் வீடியோ போட்டவரோடு மட்டும் நிற்காது.

கட்டடம் மட்டும் காப்பாற்றுமா?

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பிரிவில் சில மாதங்களில் பத்தில் ஒரு தாய்க்கு மேல் ஜுரம் கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் சாவு அதைவிட மிகக் குறைவு. 'எங்களை அந்தப் பிரிவில் சேர்க்காதீர்கள்' என்று பெண்கள் கெஞ்சினார்களாம். 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைப் பிடித்தார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள்! குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்ததும் சாவு சட்டென்று இறங்கியது. ஒரே மருத்துவமனை. வித்தியாசம், கையிலும் ஆளிலும்தான் இருந்தது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. மருத்துவமனைக்கு வந்து பெற்றால் பணம் என்று 2005இல் ஜனனி சுரக்ஷா யோஜனா வந்தது. வட மாநிலங்களில் பிரசவ அறைகள் நிரம்பி வழிந்தன. ஆனால் அதன் ஆரம்ப ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், கூட்டம் கூடிய வேகத்துக்குச் சாவு குறையவில்லை என்று கண்டார்கள். மூன்றாவது தாமதம் அப்படியே இருந்ததுதான் காரணம். வாசல் வரை வந்துவிட்டார்கள், உள்ளே கவனிக்க ஆள் போதவில்லை.

நல்ல ஏற்பாடு என்றால் பெரிய இயந்திரம் வேண்டும் என்றும் இல்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தாயின் கீழே அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்து, எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்காமல் அளந்தார்கள். அளவு தாண்டியதும் வரிசையாகச் செய்ய வேண்டிய சிகிச்சைகளை ஒன்றுவிடாமல் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். இதனால் கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. வேண்டியிருந்தது ஒரு விரிப்பும், பக்கத்திலேயே நின்று அதைப் பார்க்கும் ஒரு ஆளும்.

மருத்துவச்சி திரும்பி வரட்டும்

அந்தப் 'பக்கத்திலேயே நிற்கும் ஆள்'தான் நம்மிடம் குறைகிறார். ஒரு காலத்தில் அவர் பெயர் மருத்துவச்சி. நம்மூரில் அது ஒரு சாதியின் தொழிலாகச் சுமத்தப்பட்டிருந்தது. நடுராத்திரியிலும் கூப்பிட்டார்கள், வேலை முடிந்ததும் நெல்லோ பழைய சேலையோ கொடுத்துத் திண்ணையிலிருந்தே அனுப்பினார்கள். அந்தக் காலத்தைக் கொண்டாட வேண்டியதில்லை. கிருமி பற்றித் தெரியாத கைகளால் செத்தவர்களும் உண்டு. ஆனால் வலி கண்ட பெண்ணின் இடுப்பை நீவிவிட்டு, வியர்வையைத் துடைத்து, குழந்தை பிறக்கும் வரை நகராமல் உட்கார்ந்திருந்த அந்தப் பொறுமையையும் சேர்த்துத்தான் நாம் தூக்கிப் போட்டுவிட்டோம்.

இலங்கை அப்படித் தூக்கிப் போடவில்லை. மருத்துவச்சிகளுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து, அரசுச் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராக நியமித்தது. குடும்பநல உத்தியோகத்தர் என்று இன்று தமிழில் அழைக்கப்படுபவர்கள் அவர்கள்தான். 1930களில் அங்கே லட்சத்துக்கு 2,000 தாய்மார்களுக்கு மேல் இறந்தார்கள். இன்று 50க்கும் கீழே. பணக்கார நாடாக மாறிய பிறகு இந்தச் சரிவு தொடங்கவில்லை. ஏழை நாடாக இருந்தபோதே தொடங்கிவிட்டது.

பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் கூடவே இருந்து தைரியம் சொன்னால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தியாவும் 2018இல் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செவிலியர்களுக்கு 18 மாதம் தனிப் பயிற்சி கொடுத்து, பிரசவம் பார்ப்பதையே முழுநேர வேலையாக ஒப்படைப்பது அதன் நோக்கம். தெலுங்கானா இதில் முன்னால் போயிருக்கிறது.

'டாக்டர் இல்லாமல் பிரசவமா?' என்று பதறத் தேவையில்லை. மருத்துவச்சி இருக்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனைக்குள்ளேயேதான். சிக்கல் இல்லாத பிரசவத்தை அவர் பார்ப்பார். சிக்கல் தெரிந்த நொடியில் மருத்துவரை அழைப்பார். மருத்துவருக்கும் உண்மையிலேயே கத்தி தேவைப்படும் பெண்ணைக் கவனிக்க நேரம் கிடைக்கும். செலவு ஆகும்தான். ஆனால் தேவையில்லாத ஒவ்வொரு அறுவைச் சிகிச்சைக்கும் அரசு மயக்க மருந்து, தையல், படுக்கை, கூடுதல் நாட்கள் என்று இப்போதே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

சின்னமனூர் அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் இதைத் தொடங்குவது சரியாக இருக்கும். மேலே மேகமலை, சுற்றிலும் கூலி வேலைக்குப் போகும் பெண்கள், பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில். இரவிலும் பகலிலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், கைக்கெட்டும் தூரத்தில் சேமித்த ரத்தம், பிரசவ அறைக்குள் தாயோ அக்காவோ கூட நிற்க அனுமதி, பேறுகாலம் நெருங்கியதும் எஸ்டேட் பெண்கள் முன்கூட்டியே இறங்கி வந்து தங்க ஒரு அறை. தமிழ்நாட்டின் சில மலையடிவாரச் சுகாதார நிலையங்களில் இப்படிக் காத்திருப்பு அறைகளை ஏற்கனவே அமைத்திருக்கிறார்கள். கூடவே, அரசோ தனியாரோ, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சிசேரியன் சதவீதத்தை வாசலில் பலகையில் எழுதி வைக்கட்டும். ஹோட்டலில் விலைப்பட்டியல் போட வைக்கிற நாடு, இதைச் செய்ய வைக்க முடியாதா?

99.6 என்ற எண்ணைப் பெருமையோடு சொல்வதில் தவறே இல்லை. அதற்குப் பின்னால் எத்தனையோ கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் ஒவ்வொரு மேடையிலும் அதே மூச்சில் 44.9 என்பதையும் சொல்ல வேண்டும். பெண்கள் நம்பி வாசல் வரை வந்துவிட்டார்கள். இனி உள்ளே அவர்களுக்காகக் காத்திருக்க ஆள் வேண்டும்.